தாய்வழி ரத்தம் — 14. காதுகுத்து

குழந்தையின் இடது தொடையில் எட்டணாக் காசு அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் அது இல்லை.

சந்தனக்கனி வெந்நீர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றாள். அக்காள் இசக்கியம்மாள் கொல்லையில் மணைப்பலகை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, தன் பதினோரு மாதப் பிள்ளை தங்கப்பழத்தைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் இரண்டு முழங்காலிலும் பழைய நீலங்கள் மஞ்சளாக வெளுத்துக் கிடந்தன.

"இது எப்பக்கா வந்துச்சு?"

"எது, இதுவா? நடைப்படியைப் பிடிச்சு எந்திரிக்கப் பாத்திருப்பான். தவழுத பிள்ளைக்கு அங்கன இங்கன படாம இருக்குமா? ஊத்துட்டி, தண்ணி ஆறுது."

கனி ஊற்றினாள். பாதித் தண்ணீர் தரையில் விழுந்தது.

மருத்துவக் கல்லூரித் தேர்வுக் குழுவிடமிருந்து கனிக்குக் கடிதம் வந்ததையும், ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் மளிகை மண்டி வைத்திருக்கும் அவள் அப்பா சிவந்திபெருமாள் அதைச் சரக்கெடுக்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். வரும் திங்கட்கிழமை நேரில் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்காகச் செவ்வாய்க்கிழமை தோழி அடைக்கலமேரியோடு படிக்க உட்கார்ந்தவள்தான். அன்றிலிருந்து கனிக்குச் சோறு இறங்கவில்லை.

பரம்பரை பற்றிய பாடம் அது. நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் சேர்த்தால் முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டையாகவே முளைப்பதும், ஒளிந்துகொண்ட குட்டை அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாகத் தலைகாட்டுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை முடித்துவிட்டு, ரத்தம் உறையாத வியாதிக்கு வந்தார்கள்.

"அம்மாவுக்கு வியாதி இல்ல, அப்பாவுக்கும் இல்ல. மகனுக்கு மட்டும் வருது. எப்படி?" என்று கேட்டாள் மேரி.

"பொண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஒண்ணுல குறை இருந்தாலும் இன்னொண்ணு அதை மூடிக்கிடும். ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதான். அதுவும் அம்மாகிட்ட இருந்து வாரது. வந்தது குறையுள்ளதா இருந்துட்டா மூட வேற இல்ல. அதனால பொண்ணு சுமப்பா, பையன் படுவான்."

"சரி. ஒரு குடும்பத்தை வச்சுப் படம் போடு."

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், வியாதி கண்டவருக்குக் கறுப்பு. யாரோ ஒரு குடும்பத்துக்கு எங்கே போவது என்று கனி தன் அம்மா வீட்டையே போட்டாள். பெரிய மாமா பனைமட்டைக் கருக்கு கிழித்து ஒன்பது வயதில் போனவர். சின்ன மாமா பல் பிடுங்கிய மூன்றாம் நாள். பெரியம்மா மகன் மூக்கில் ரத்தம் கொட்டி. அப்புறம் அவளுடைய சொந்தத் தம்பி முருகேசன், ஆறு வயதில், படியில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டு.

நாலாவது கட்டத்தைக் கறுப்பாக்கும்போது பென்சில் நின்றது. நாலும் ஆண். நாலும் தாய்வழி. மேரி படத்தைப் பார்த்தாள், கனியைப் பார்த்தாள், புத்தகத்தை மூடிவிட்டாள்.

படத்தில் இசக்கியின் வட்டத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் வெறுமையாக இருந்தது.

அந்தக் கட்டத்துக்கு இன்று காதுகுத்து.

*

சர்க்கார் அரிசி ரேஷனை எடுத்துவிட்ட பிறகு அந்த வீட்டில் நடக்கிற முதல் விசேஷம். நாற்பது படி அரிசி வடித்துக்கொண்டிருந்தார்கள். முடி இறக்குவது தை மாதம் திருச்செந்தூரில் என்று நேர்ந்திருந்ததால், இன்றைக்குக் காது மட்டும்தான். திருவொற்றியூரிலிருந்து சம்பந்தியம்மாள் தாயம்மாவும், அவள் மகனும் இசக்கியின் புருஷனுமான ஆறுமுகநயினாரும் விடிவதற்குள் வந்து இறங்கிவிட்டார்கள்.

அம்மா ஆவுடையம்மாள் உள்கட்டில் தனியாக வெற்றிலைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். கனி கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னைக்குக் காது குத்த வேண்டாம்."

"ஏன், நாள் சரியில்லையா?"

"பிள்ளைக்கு ரத்தம் நிக்காம போயிருமோன்னு பயமா இருக்கு. உங்க கூடப் பிறந்த ரெண்டு மாமாவும் எப்படிச் செத்தாவ? பெரியம்மா மகன் எப்படிச் செத்தான்? நம்ம முருகேசன்..."

ஆவுடையம்மாளின் கை தட்டின் மேலேயே நின்றது. "யாரு சொன்னா இதெல்லாம் ஒனக்கு?"

"யாரும் சொல்லல. பாடத்துல இருக்கு. இது அம்மா வழியா பையனுக்கு வார வியாதிம்மா. இசக்கி அக்காகிட்டயும் இருக்கலாம். பிள்ளை மேல பாருங்க, தொட்ட இடமெல்லாம் நீலம்."

"வாயை மூடு." குரல் ஓங்கவில்லை; அதுதான் கனியைப் பயமுறுத்தியது. "தாயம்மா மதினி காதுல இது விழுந்துச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு? ரத்தம் கெட்ட குடும்பத்துல பொண்ணு எடுத்துட்டோம்னு ஒங்க அக்காளைக் கொண்டாந்து இங்கயே விட்டுட்டுப் போயிருவாவ. நாளைக்கு ஒன்னைக் கேட்டு எவன் வருவான்? ரெண்டு பேரு வாழ்க்கை, கனி."

"பிள்ளை உசிரும்மா!"

"எல்லாப் பிள்ளைக்கும் வராது. ஒங்க பெரியம்மாளுக்கு இன்னொரு மகன் இருக்கான்ல, நல்லாத்தானே இருக்கான்?"

கனி அம்மாவையே பார்த்தாள். எல்லாப் பிள்ளைக்கும் வராது. அதைத்தான் பாடமும் சொன்னது. பாதிக்குப் பாதி என்று. அம்மா எந்தப் பாடத்தில் படித்தாள்?

ஆவுடையம்மாள் எழுந்தபோது இடுப்பில் செருகியிருந்த சின்னத் துணி முடிச்சு நழுவி விழுந்து அவிழ்ந்தது. உள்ளே ஒரு பெரிய படிகாரக் கட்டியும் நாலாக மடித்த பழைய வேட்டித் துணியும் இருந்தன. அவள் குனிந்து அவசரமாக அதை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

"அம்மா... தெரியுமா உங்களுக்கு?"

ஆவுடையம்மாள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

*

அப்பாவிடம் போனாள் கனி. சிவந்திபெருமாள் பட்டுக்கரை வேட்டியும் விபூதியுமாக வாசலில் வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அவள் சொல்வதைப் பாதி கேட்டதுமே முழங்கையைப் பிடித்து, அரிசி மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"ஊரைக் கூட்டி வச்சிருக்கு. சம்பந்தி வந்து உக்காந்திருக்காவ. இப்ப வந்து ரத்தம், வியாதிங்கிய?"

"டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டுக் குத்தலாம்பா. ஒரு வாரம் தள்ளி..."

"நீ படிச்சதெல்லாம் பரீட்சைக்குத்தான். வீட்டுக்குள்ள கொண்டாராத. என் சொந்தக்காரன் அத்தனை பேரும் சொன்னான், பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்புன்னு. நான் கேக்கல. என்னைத் தலைகுனிய வச்சிராத." அவர் மூச்சு வாங்கினார். "இன்னொரு வார்த்தை இதப்பத்திப் பேசுன, திங்கக்கெழம நீ எங்கயும் போக வேண்டாம். சொல்லிட்டேன்."

கனி வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை என்ற சொல் குறுக்கே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு கணத்தை நினைத்து அவள் எத்தனை வருஷம் கூசப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பத்தரை மணிக்குக் காது குத்த நகைப் பத்தர் வந்தார். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். முருகேசன் இருந்திருந்தால் இப்போது பதினாலு வயது. அவன் இல்லாததால் சிவந்திபெருமாளே பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாயம்மா பேரன் வாயில் ஒரு துண்டு கற்கண்டை வைத்தாள். பத்தர் சந்தனத்தால் புள்ளி வைத்துப் பார்த்து, கூராக்கிய தங்கக் கம்பியை எடுத்தார்.

கனி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ச் சுவரோரம் அம்மா நின்றாள். கை இடுப்பு முடிச்சின் மேல் இருந்தது.

வலது காது. பிள்ளை வீறிட்டது. இடது காது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. பிள்ளையின் அழுகை அதில் அமுங்கிப் போனது.

"பாருங்க, ஒரு சொட்டு ரத்தம்! நம்ம கை அப்படி," என்றார் பத்தர், துணியால் ஒற்றிக்கொண்டே.

ஒரு சொட்டுதான். ஒற்றியதும் நின்றுவிட்டது. கனி கிட்டே போய்ப் பார்த்தாள். இரண்டு காதும் கொஞ்சம் சிவந்திருந்தன, அவ்வளவுதான். சிவந்திபெருமாள் அவளைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்ற கேள்வி இருந்தது. அவளுக்கு அவமானமாக இல்லை. தன் கணக்கு தப்பாகப் போனதில் அவளுக்கு அழுகை வருமளவுக்குச் சந்தோஷம். இலையில் உட்கார்ந்து, மூன்று நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

*

இரண்டு மணி இருக்கும். பந்தி முடிந்து பாதிப் பேர் போய்விட்டார்கள். உள்ளறையில் சேலைத் தொட்டிலில் பிள்ளை தூங்கியது. பாய் எடுக்கப் போன கனியின் காலில் ஏதோ பிசுக்கென்று ஒட்டியது.

குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரையில் கரும்சிவப்பாக ஒரு வட்டம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிலின் அடியிலிருந்து இன்னொரு சொட்டு அதன் நடுவில் விழுந்தது.

"அக்கா!"

இடது காதிலிருந்து கழுத்து வழியாக, அவசரமே இல்லாமல், விடாமல் கசிந்துகொண்டிருந்தது. தொட்டில் சேலை நனைந்து கனத்திருந்தது. இசக்கி பிள்ளையை வாரி எடுத்தாள். அவள் ரவிக்கை தோளிலிருந்து மார்பு வரை நனைந்தது.

ஆவுடையம்மாள் படிகாரத்தோடு ஓடிவந்தாள். தேய்த்தாள், துணியை அழுத்தினாள், துணி சிவந்ததும் அடுத்த மடிப்பைத் திருப்பினாள். பத்தரைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அவர் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார், இன்னும் கூடியது. அவர் முகம் வெளிறிப் போய், தன்மேல் குற்றமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணு பட்டிருக்கு. சுத்திப் போடுங்க," என்றாள் தாயம்மா.

சுற்றிப் போட்டார்கள். மூன்றரை ஆயிற்று. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. அழாதது நல்லது என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் கோவிந்தம்மா கொல்லை வழியாக உள்ளே வந்தாள். மீன் விற்கிறவள், பதினைந்து வருஷமாகப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கிறாள். விசேஷச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இன்னா ஆவுடையம்மா இது! அன்னிக்கும் இதே கதைதானே? உன் புள்ள முருகேசு நாக்கைக் கட்ச்சிகினு, மூணு நாளு ரத்தமா துப்பிக்கினே இருந்துச்சே. துணி அத்தினியும் நான்தானே அலசிப் போட்டேன்! இன்னும் இன்னாத்துக்கு வூட்லயே வச்சிகினு கீற?"

தாயம்மா மெதுவாக ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினாள்.

"விஷக்காய்ச்சல்ல செத்தான்னுல்ல சொன்னீய, பொண்ணு பாக்க வந்தன்னைக்கு?"

ஆவுடையம்மாள் துணியின் இன்னொரு மடிப்பைத் திருப்பினாள். அவள் தலை நிமிரவில்லை.

கனி இதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. அக்காளின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இடது காது மடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்தாள்.

"நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். அத்தான், ரிக்‌ஷா பிடிங்க."

"கனி, மந்திரிக்கிறவருக்கு ஆள் போயிருக்கு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"அவரு வரட்டும்பா. நாங்க போயிட்டு வாரோம்."

நயினார் தெருவுக்கு ஓடினான். இசக்கி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் வந்தாள்.

*

கைரிக்‌ஷா கல்மண்டபத்தைத் தாண்டி ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற சரக்கு வண்டி. கடைசிப் பெட்டி எங்கே என்று தெரியவில்லை. வண்டி நகரவும் இல்லை.

கூடவே ஓடிவந்த கோவிந்தம்மா கேட்காரனை ஒரு பிடி பிடித்தாள். "யோவ், தொறய்யா கேட்டை! புள்ள ரத்தமா கொட்டிக்கினு கீது, கண்ணு தெரியலியா?"

"வண்டி குறுக்கால நின்னுகினு கீதும்மே! கேட்டைத் தொறந்தா மட்டும் எப்படிப் போவ?"

பக்கத்தில் மேம்பாலப் படி இருந்தது. நயினார் பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டான். கனி காது மடலை விடாமல் பிடித்தபடி அவன் பக்கவாட்டிலேயே படியேறினாள். அவனுக்கு ஒரு எட்டு, அவளுக்கு இரண்டு எட்டு. விரல்கள் மரத்துவிட்டன. பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்றே தெரியவில்லை. கீழே நிலக்கரிப் பெட்டிகளின் புழுதி கிளம்பி மூச்சை அடைத்தது.

"பிடிச்சிருக்கியா கனி?"

"பிடிச்சிருக்கேன் அத்தான். நில்லாதீங்க."

தங்கப்பழத்தின் தலை அப்பன் தோளில் ஆடியது. கண் பாதி மூடியிருந்தது.

*

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு ரிக்‌ஷா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரி. பிள்ளையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள்; உள்ளே சிவப்பே இல்லை. காதில் மருந்துத் துணி வைத்து அழுத்தச் சொல்லி நர்ஸிடம் கொடுத்தாள். பிறகு தொடையையும் முழங்காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குத்தினதும் நின்னிருக்குமே? அப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சிருக்கும்."

"ஆமா டாக்டர்," என்றாள் கனி. பாடத்தில் அது இல்லை.

டாக்டரம்மா இசக்கியைப் பார்த்தாள். "உங்க அம்மா வழியில ஆம்பளப் பிள்ளைங்க யாராவது இப்படி ரத்தம் நிக்காம இறந்திருக்காங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. இது தெரிஞ்சாத்தான் நான் என்ன செய்யணும்னு முடிவு பண்ண முடியும்."

இசக்கி புருஷனைப் பார்த்தாள். "இல்ல," என்றாள். "அப்படியெல்லாம் யாரும் இல்ல."

"அக்கா!"

"நான் சொல்லுதேன்."

வாசலில் ஆவுடையம்மாள் நின்றாள். பின்னாலேயே ஜட்காவிலிருந்து இறங்கி வந்த சிவந்திபெருமாளும் தாயம்மாவும். ஆவுடையம்மாளின் சேலை முன்பக்கமெல்லாம் காய்ந்த ரத்தம். அவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. தாயம்மாவின் பக்கமாகவே திரும்பி நின்று பேசினாள்.

"என் கூடப் பிறந்தவன் ரெண்டு பேரு. என் அக்கா மகன் ஒருத்தன். என் மகன் முருகேசன். எங்க அம்மாவோட அண்ணன் தம்பி மூணு பேரு, அதுல ஒருத்தருக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு. மொத்தம் ஏழு. எல்லாம் ஆம்பள. எல்லாம் ரத்தம்."

கனியின் படத்தில் நாலுதான் இருந்தது.

"எங்க அம்மா எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னா. பொம்பளப் பிள்ளையாப் பெறு, ஆம்பளப் பிள்ளை பெத்தா கத்தி, முள்ளு, பல்லு எல்லாம் கவனம்னு. வெளிய சொல்லாதன்னும் சொன்னா. நான் சொல்லல. இவியகிட்டயும் சொல்லல." அவள் கணவரைக் கைகாட்டினாள். "காலையில இந்தப் பிள்ளை என்கிட்ட வந்து வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சுச்சு. இவ வாயை நான்தான் அடைச்சேன்."

சிவந்திபெருமாள் மரபெஞ்சில் உட்கார்ந்தார். "இருபத்தஞ்சு வருசம்..." என்றார். தானும்தான் அடைத்தோம் என்று அவர் சொல்லவில்லை. கனியும் சொல்லவில்லை.

டாக்டரம்மா நேரத்தை வீணாக்கவில்லை. "பாட்டில்ல வச்சிருக்கிற பழைய ரத்தம் இதுக்கு உதவாது. உறைய வைக்கிற சத்து அதுல போயிருக்கும். புதுசா எடுத்து உடனே ஏத்தணும். யாரு குடுக்கிறீங்க?"

"என்கிட்ட எடுங்க," என்றான் நயினார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, சந்தேகம் வந்ததுபோல் நின்றான். "பெத்த அப்பன் ரத்தம் ஆகுமா? என் ரத்தத்துலயும் அந்தக் குறை இருந்தா?"

"உங்களுக்குக் குறை இருந்தா நீங்களே இத்தனை வருஷம் இப்படி நின்னுருக்க மாட்டீங்க," என்றாள் டாக்டரம்மா. "ரத்த வகை மட்டும் சேரணும். வாங்க."

வெள்ளைப் பீங்கான் தட்டில் அவன் ரத்தத்துளியைப் பிள்ளையின் ரத்தத்தோடு கலந்து சோதித்தார்கள். கனி எட்டிப் பார்த்தாள். திரிந்தால் சேராது, திரியாவிட்டால் சேரும். திரியவில்லை.

*

ஆறு மணிக்குத் தங்கப்பழத்தின் காதில் வைத்த துணி முதல் தடவையாக வெள்ளையாகவே இருந்தது. அவன் கணுக்காலில் ஊசி. மேலே தொங்கிய பாட்டிலில் அப்பன் ரத்தம். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. பசித்து அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைக் கேட்டதும் கோவிந்தம்மா தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கனியை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள். "நீதான் காதை விடாம பிடிச்சுக்கிட்டு வந்தவளா? இது என்னன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இண்டர்மீடியட் படிச்சிருக்கேன். திங்கட்கிழமை மெடிக்கல் செலக்‌ஷன்."

"அப்ப உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல." டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். "உன் அக்காவுக்கு இருக்குன்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. உனக்கு..."

"பாதிக்குப் பாதி," என்றாள் கனி. செவ்வாய்க்கிழமையே தன் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

தாழ்வாரத்துக்குத் திரும்பியபோது தாயம்மா எழுந்து நின்று சிவந்திபெருமாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரல் நிதானமாக இருந்தது.

"என் பேரன் பொழைச்சான். முருகன் செயல். நாலு நாள் கழிச்சு வந்து அவனை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம், அண்ணாச்சி. ஒங்க மக வர வேண்டாம். பொய் சொல்லிக் கொடுத்த பொண்ணு அவ. இன்னொரு பிள்ளையை இப்படிப் பெத்து என் மகன் தலையில கட்ட வேண்டாம்."

"அவளுக்குத் தெரியாது மதினி," என்றாள் ஆவுடையம்மாள். "பொய் சொன்னது நான்."

"யாரு சொன்னா என்ன?"

வார்டு வாசலில் இசக்கி நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் அழவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நயினார், முழங்கையை மடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வந்து நின்றான். அவன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கனியைப் பார்த்தான்.

"கனி, ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லு. இனிமே எங்களுக்குப் பொறக்குததும் இப்படித்தான் இருக்குமா?"

இதே பாடத்தில் மேரி கேள்வி கேட்டபோது கனி ஒரு நிமிஷத்தில் பதில் சொன்னாள். இப்போது எதிரே அக்காள் நின்றாள். தாயம்மா காத்திருந்தாள். அப்பா தரையைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அக்காள் புருஷன் வீட்டுக்குப் போவாள். காலையில் ஒரு தடவை வாயை மூடியதற்கு என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாக உள்ளே பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பொண்ணா இருந்தா இந்த வியாதி வராது அத்தான்," என்றாள். "அக்கா மாதிரி சுமக்கலாம், சுமக்காமலும் இருக்கலாம். பையனா இருந்தா பாதிக்குப் பாதி. நல்லா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, தங்கப்பழம் மாதிரி இருக்கவும் வாய்ப்பு இருக்கு. முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது."

நயினார் தலையசைத்தான். புரிந்துகொண்டானா, ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை.

"கேட்டுக்கிட்டேல்லா?" என்று தாயம்மா மகனிடம் சொல்லிவிட்டு, புறப்படுவதற்காகச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

அப்போது இசக்கி பேசினாள். அன்று முழுவதும் அவள் புருஷனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆடி பொறந்ததும் ஒங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள். "நாள் தள்ளி ரெண்டு மாசம் ஆச்சு."

உள்ளே தங்கப்பழம் அம்மாவைத் தேடி இன்னும் உரக்க அழுதான். இசக்கி திரும்பி அவனிடம் போய்விட்டாள்.

புறப்பட நின்ற தாயம்மா, செருகிய தலைப்பைத் தானாக அவிழ்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.